பூட்டுப் போட்ட டச் போன்

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மேடையில் நின்று கதைக்க எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரு புதுப் போன் எங்கள் பக்கம் ஓடுமா ஓடாதா என்று எப்படி முன்கூட்டியே சொல்வது என்று. எனக்குத் தெரியாது. ஒருமுறை சொன்னேன். அதில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது ஏ-ஒன்பது றோட்டு புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த காலம். யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருந்தது. போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. நான் ஒரு போன் கம்பனிக்கு முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். சிம் விற்கவேண்டும், கடைகளுக்குப் போன் கொடுக்கவேண்டும், எது ஓடும் என்று வவுனியாவுக்குச் சொல்லவேண்டும். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பை. அவ்வளவுதான் என் கந்தோர்.

வவுனியாவில் எங்கள் மனேச்சர் இருந்தார். பேர் வேண்டாம். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துப் பழகியது. மற்ற மனேச்சர்மார் கோபம் வந்தால் சத்தம் போடுவார்கள். இவர் சத்தத்தைக் குறைப்பார்.

ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு மேசையில் ஒரு போனை வைத்தார். பளபளவென்று கண்ணாடி. ஒரு பொத்தான்கூட இல்லை. செய்தது யார் என்று கேள்விப்பட்டபோது எங்களால் நம்ப முடியவில்லை. முழு எழுத்துப் பொத்தானும் வைத்துப் போன் செய்கிற கம்பனி. என்ஜிஓ ஐயாமார் இடுப்பில் உறை போட்டுக் கொண்டு திரிந்தார்களே, அந்தப் போன். அந்தக் கம்பனி முதல்முதலாகத் தொடுகிற போன் செய்திருக்கிறது. இலங்கையில் எங்கள் கம்பனிக்கு மட்டும்தான் தந்திருக்கிறார்கள். எங்கள் சிம் போட்டால்தான் வேலை செய்யும். வேறு சிம் போட்டால் போன் ஏற்காது. பூட்டு.

"முல்லைத்தீவில ஓடுமோ?" என்று மனேச்சர் என்னைக் கேட்டார்.

நான் யோசித்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில். என்ஜிஓ போன் என்றால் சனத்துக்கு ஒரு மதிப்பு. படம் பார்க்கலாம். ஆளின் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றும் சொன்னார்கள்.

"ஓடும் சேர்" என்றேன்.

"என்னத்தை வச்சுச் சொல்றீர்?"

"முகம் பாக்கலாமெல்லோ."

அவர் தலையை ஆட்டினார். கொழும்புக்கும் அதையே சொன்னார். போன் வந்தது.

முள்ளியவளையில் குகன் என்றொரு பெடியன் போன் கடை வைத்திருந்தான். நல்ல கைகாரன். தண்ணியில் விழுந்த போன், மாடு மிதித்த போன், எல்லாம் அவனிடம்தான் போகும். அந்தக் கடையில்தான் புதுப் போனை வைத்தோம். வாழைமரம் கட்டாதது ஒன்றுதான் குறை.

சனம் வந்தது. வயலில் இருந்து வந்தவர்கள் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "இதில கை வழுக்குது, பொத்தான் எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என்ர சிம் இதில போகுமோ?"

எங்கள் சிம் வைத்திருந்தவர்களுக்குப் போகும். ஆனால் அந்தப் பக்கத்தில் முதலில் வந்த கோபுரம் எங்களுடையது இல்லை. சனத்தில் பெரும்பங்கு மற்றக் கம்பனி நம்பர்.

"புது நம்பர் சும்மா தருவம் ஐயா" என்றேன்.

கனகராயன்குளத்தில் இருந்து மகள் வீட்டுக்கு வந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர் போனை மேசையில் வைத்தார். மெல்ல வைத்தார், உடைந்துபோகும் என்ற மாதிரி.

"புது நம்பரை நான் ஆருக்கெண்டு சொல்லித் திரியிறது தம்பி? ரெண்டு பெடியள் கனடாவில, ஒருத்தன் லண்டனில. நான் கோல் எடுத்தா ஒருத்தனும் தூக்கமாட்டான். அவங்கள் நினைச்ச நேரம்தான் எடுப்பாங்கள். அவங்களிட்டை இருக்கிற நம்பர் பழசு."

"ஒருக்கா எடுத்துச் சொன்னாச் சரிதானே?"

"தூக்கமாட்டாங்கள் எண்டு இப்பத்தானே சொன்னன்" என்றார். போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் தலையில் ஏறியது. கொழும்பில் போன் என்றால் நாம் ஒருவருக்கு எடுப்பதற்கு. இங்கே போன் என்றால் ஒருவர் நமக்கு எடுப்பதற்கு. நாங்கள் போனை விற்க வந்திருந்தோம். சனம் வைத்திருந்தது நம்பரை.

இதை மனேச்சரிடம் சொன்னேன். அவர் சத்தத்தைக் குறைத்து, "எழுதி அனுப்புறன், பூட்டைத் திறக்கச் சொல்லி" என்றார். அனுப்பினார். கொழும்பு ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டுத்தான் வியாபாரமே என்றார்கள்.

நாயாற்றில் இருந்து ஜெனி வந்தது இதற்குப் பிறகுதான்.

ஜெனியின் தாய் திரேசம்மா அக்கா. கருவாடு போடுகிறவ. எனக்கு அவவை நல்லாகத் தெரியும். நான் நாயாற்றுப் பக்கம் போனால் அவவின் கொட்டிலில்தான் தேத்தண்ணி. மகன் அன்ரன் வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தான். ஊரில் கொஞ்சப் பேர் சேர்ந்து போனவை. ஏற்றிவிட்ட ஆள் "போய்ச் சேர்ந்திட்டினம்" என்று ஒருதரம் சொன்னான். பிறகு அவன் போனும் ஓய்ந்துபோனது. அன்ரன் போகமுதல் தாயின் கையில் ஒரு பொத்தான் போனைக் கொடுத்து, "இறங்கின உடன எடுப்பன், இதை ஓய விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அந்த ஒரு நம்பர்தான் அவனுக்கு மனப்பாடம். மற்றக் கம்பனி சிம்.

அக்கா அந்தப் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பா. கருவாடு புரட்டும்போதும் அங்கேதான். கோயிலில் பூசை நடக்கும்போதும் ஓயவிடமாட்டா. சுவாமியார் ஒருநாள் முறைத்தாராம். "சுவாமி, ஆண்டவர் எடுத்தாலும் இதிலதான் எடுக்கோணும்" என்று சொன்னாவாம்.

ஜெனி தாய்க்குத் தெரியாமல் அந்தப் போனை எடுத்துக்கொண்டு குகனின் கடைக்கு வந்தது. அண்ணன் எடுத்தால் அம்மா முகம் பார்க்கவேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. பழைய நம்பரையே புதுப் போனில் போட்டுத் தரக் கேட்டது.

நான் அப்போது அங்கே இல்லை. குகன் பிறகு சொன்னதுதான்.

"ஏலாது, இது பூட்டின போன்" என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் குகனுக்கு ஏலாது என்ற சொல் வாயில் வராது. துபாயில் இருந்து வருகிற பூட்டுப் போட்ட போன்கள் எத்தனையோ அவன் திறந்தவன். இதையும் திறக்கலாம் என்று நம்பினான். புதுப் போனுக்குச் சின்ன சிம். பழைய சிம் பெரிது. அந்த நாளில் எல்லாக் கடையிலும் செய்த மாதிரிக் கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டினான். அன்ரனின் சிம் பழைய மாதிரி. உள்ளே இருக்கிற மஞ்சள் தகடு பெரிது. தகட்டின் ஓரமும் வெட்டுப்பட்டது.

போன் திறக்கவில்லை. அந்தப் பூட்டுக்குக் கம்பனியிடம்தான் திறப்பு. வெட்டிய சிம்மைத் திருப்பிப் பழைய போனில் வைத்தான். "சிம் இல்லை" என்று காட்டியது. வேறு போனில் வைத்தான். அதுவும் அதையே காட்டியது.

நான் போனபோது ஜெனி கதிரையில் இருந்தது. அழவில்லை. குகன் சிம்மை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். நகத்தளவுத் துண்டு.

"ஆரின்ர சிம்?" என்று கேட்டேன்.

"அண்ணான்ர" என்றது ஜெனி.

வெளியில் பஸ் போனது, சத்தம் கேட்கவில்லை.

பிள்ளைகளே, இப்படி நேரத்தில் முதல் வருவது யாரையாவது ஏசவேண்டும் என்ற எண்ணம். அதை விழுங்குங்கள். குகனை ஏசினால் அவன் கையில் இருக்கிற துண்டு ஒட்டாது. "வெட்டின சிம் பறவாயில்லை, அதே நம்பருக்குப் புது சிம் எடுக்கலாம்" என்றேன். அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். சொந்தக்காரர் அடையாள அட்டையோடு போனால் கொடுப்பார்கள். சொல்லி முடிக்கவில்லை, எனக்கே விளங்கிவிட்டது. ஜெனியைப் பார்த்தேன். அதற்கும் விளங்கியிருந்தது.

சிம் அன்ரனின் பேரில்.

தாய்க்குச் சொல்ல நாயாற்றுக்குப் போனோம். அக்கா ஏற்கனவே போனைத் தேடிக் கொட்டில் முழுக்கக் கிளறிப் போட்டிருந்தா. நான் நடந்ததைச் சொன்னேன். அவ ஜெனியை அடிக்கவில்லை. "அப்ப இப்ப அவன் எடுத்தா என்ன கேக்கும்?" என்று மட்டும் கேட்டா.

"ஓய்ந்திருக்கு எண்டு சொல்லும் அக்கா."

அவ சீலையை மாற்றிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினா.

மற்றக் கம்பனியின் கந்தோர் வவுனியாவில். எங்கள் மனேச்சரும் வந்தார், போட்டிக் கம்பனி என்று பார்க்கவில்லை. உள்ளே கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை இருந்தது, மரியாதையாகத்தான் கதைத்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"அம்மா, சிம் உங்கட பேரில இல்லை. மகன் வரோணும்."

"அவன் இஞ்ச இல்லை."

"எங்க?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் மனேச்சரைப் பார்த்தேன். வள்ளத்தில் போனது சட்டத்துக்கு விரோதம். கந்தோரில் சொல்லுகிற விசயம் இல்லை.

"தூர இடத்தில" என்றா அக்கா.

"அவர் வந்தாப்போல செய்து தரலாம். அல்லது..." அந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்கியது. "அல்லது மரணப் பத்திரம் இருந்தா உங்கட பேருக்கு மாத்தலாம் அம்மா."

அக்கா மேசையில் இருந்து கையை எடுத்தா. சூடு பட்ட மாதிரி எடுத்தா. எழும்பி வெளியில் போய்ப் படியில் இருந்தா. நான் யுத்தத்தையும் பார்த்தவன். ஆனால் ஒரு மனுசியின் முகத்தில் இரத்தம் அப்படி வற்றியதை நான் பார்த்ததில்லை.

பிறகு சொன்னா, "தம்பி, ஒரு போன் நம்பருக்காக என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு நான் என்ர வாயால சொல்லோணுமோ?"

குகன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். அவனும் எங்களுக்குப் பின்னால் பஸ்ஸில் வந்திருந்தான். முகம் செத்துப்போய் இருந்தது.

"அண்ணை, அன்ரன்ர அடையாள அட்டை வீட்டை இருக்காம். படம் பழசு. எனக்கும் அவனுக்கும் வயது ஒண்டு. தாடியை எடுத்திட்டு நானே போய் அன்ரன் எண்டு சொல்றன். ஒரு கையெழுத்துத்தானே."

நான் மனேச்சரிடம் சொன்னேன். அவர் சத்தமே இல்லாத மாதிரிச் சொன்னார்: "பிடிபட்டா அன்ரன் எங்க எண்டு கேப்பாங்கள். ஆர் ஏத்தினது, எங்க ஏத்தினது, கூடப் போனது ஆர் எண்டு கேப்பாங்கள். பிடிபடாட்டி, அந்த மனுசிக்கு நம்பர் கிடைக்கும். உம்மட பகுதி. நீர் சொல்லும்."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மேலே இருக்கிறவர் நல்லவராக இருந்தாலும் சில நேரம் உங்களிடமே விட்டுவிடுவார். அப்போது புத்தகம் ஒன்றும் உதவாது.

நான் முடிவு எடுக்கவில்லை. படியில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, குகன் சொன்னதையும் மனேச்சர் சொன்னதையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். இழக்கப்போகிறவர் அவ. அவவிடம் பாதி சொல்லி முழு முடிவு கேட்கக்கூடாது.

அவ குகனைக் கூப்பிட்டா.

"மோனை, உனக்கு அம்மா இருக்கிறாவோ?"

"ஓம் அம்மா."

"பிடிபட்டா உன்னையெல்லோ கொண்டுபோவாங்கள். எனக்கு ஒருத்தன் போனது போதும். வீட்டை போவம்."

குகன் அந்த இடத்திலேயே குந்திவிட்டான். அவ்வளவு பேர் போய்வருகிற இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான்.

டச் போன் எங்கள் பக்கம் ஓடவில்லை. கடைகளில் தூசி பிடித்தது. கொஞ்ச நாளில் திருப்பி எடுத்துவிட்டார்கள். அந்தப் போன் செய்த கம்பனியும் பிறகு படுத்துவிட்டது என்று கேள்வி. வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கும், எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துக் காரணத்தை மனேச்சர் கொழும்புக்கு எழுதினார். நல்ல போன், கெட்ட பூட்டு. வேறொன்றும் எழுதவில்லை. இப்போது நம்பரை மாற்றாமல் கம்பனி மாறலாம் என்று கதைக்கிறார்கள். நல்லது. அன்றைக்கு அது இல்லை.

அக்காவுக்கு எங்கள் சிம் ஒன்று போட்டுப் பொத்தான் போன் ஒன்று கொடுத்தேன். வேண்டாம் என்றா. பிறகு வாங்கினா. அதில் இருந்து அவ எடுத்த ஒரே நம்பர் தன்னுடைய பழைய நம்பர். ஒவ்வொரு நாளும் எடுப்பா. இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பொம்பிளைக் குரல் சொல்லும். முதல் சிங்களம், பிறகு தமிழ், பிறகு இங்கிலீஷ். மூன்றையும் கேட்டு முடித்துத்தான் வைப்பா.

"என்னத்துக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"அவன் எடுத்தா அவனுக்கு என்ன கேக்குமோ, அதை நானும் கேக்கிறன்" என்றா.

ஓய்ந்துபோன நம்பரைக் கம்பனிகள் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றுவிடும். உங்களுக்கும் தெரியும். அவவுக்கு அதை நான் சொல்லியிருந்தேன். அதனால்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தாவோ தெரியாது.

ஒருநாள் காலமை. நாயாற்றில் வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. நான் தொழிலுக்குப் போய் வந்தவர்களின் போனுக்குக் காசு றீலோட் போட்டுக்கொண்டு நின்றேன். அக்கா மணலில் ஓடி வந்தா. போனைக் கையில் நீட்டிக்கொண்டு வந்தா, நெருப்புத் தணலைக் கொண்டு வருகிற மாதிரி.

"தம்பி, பழைய நம்பர் அடிக்குது."

வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு ஆண் குரல். சிங்களம். எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும், வேலையில் பழகியது. ஆர் என்று கேட்டேன். காலிப் பக்கம், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை என்றான். சின்ன வயதுக் குரல். நம்பர் வாங்கிக் கன நாள் இல்லை என்றான். இது எங்கள் அம்மா ஒருவரின் பழைய நம்பர், மகன் வெளிநாட்டில், எடுத்தால் இந்தப் புது நம்பரைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவன் திருப்பிக் கேட்டான், "தமிழ் ஆக்களா?"

"ஓம்."

"ஒரு ஆள் எடுத்தார். வெளிநாட்டு அழைப்பு மாதிரி, நம்பர் விழவில்லை. கதைத்தது எனக்கு விளங்கவில்லை. அம்மா, அம்மா என்று மட்டும் விளங்கியது. எங்கள் பாசையிலும் அம்மாதானே. அம்மா இல்லை என்று சொன்னேன். திரும்பவும் எடுத்தார். திரும்பவும் அம்மா இல்லை என்று சொன்னேன். பிறகு எடுக்கவில்லை."

போனைக் காதில் இருந்து எடுக்க முடியவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "என்னவாம்?"

பிழை நம்பர் என்று சொல்லியிருக்கலாம். அது அன்ரன் என்று யாருக்குத் தெரியும். தமிழில் அம்மா என்று கூப்பிட்டு எத்தனை பேர் நம்பர் மாறி எடுத்திருப்பார்கள். சொன்னால் இந்த மனுசி மணலில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் வவுனியாவில் படியில் இருந்து முழுவதும் சொன்னவன் நான். இப்போது பாதி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சொன்னேன். அவன் சொன்ன மாதிரியே, அம்மா இல்லை என்று இரண்டு தரம் சொன்னதையும் சொன்னேன்.

அவ விழவில்லை. ஒரு கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தது. பிறகு என்னிடம் திரும்பினா.

"அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு. இனி எடுத்தா, அம்மா இருக்கிறா எண்டு சொல்லச் சொல்லு."

சொன்னேன். அவன் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டான்.

அக்கா என் கையில் இருந்து போனைப் பறித்தா. வாயருகில் பிடித்து, காது கேளாதவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னா.

"அம்மா இருக்கிறா."

அவன் சொன்னது எனக்கும் கேட்டது. உடைந்த தமிழ். அவ தலையை ஆட்டினா, அவன் பார்க்கிற மாதிரி. திரும்பச் சொல்லச் சொன்னா. அவன் சொன்னான். அது சரியாக வரும்வரை அவ அவனை விடவில்லை.